உச்சுக் கொட்டாதீர்கள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நோர்வேயில், ரொம்மனில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்கு இது யாருடைய கதை என்று இந்தப் பந்தியிலேயே தெரிந்துவிடும். மிச்சப் பாதிப் பேருக்கு அவர்கள் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுவார்கள். கதை இராசமணியக்காவுடையது. எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார். என் மனைவி தர்மினியோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். 2007 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் கதவைத் தட்டினார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி சற்குணம், நீர் கதை எழுதுறனீர்தானே? எனக்கு ஒரு கதைக்கு முடிவு வேணும். வியாழக்கிழமைக்கு முதல் வேணும்."

இருபது வருடமாக எழுதுகிறேன். ஆண்டு மலரில் இரண்டு பக்கம் குறைகிறது, நிரப்பித் தா என்று கேட்டிருக்கிறார்கள். கதை வேண்டும் என்று ஒருவரும் கதவைத் தட்டியதில்லை, அதுவும் தவணை வைத்து. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், புளுகம் தாங்கவில்லை. உள்ளே வாருங்கள், இருங்கள், என்ன கதை என்றேன்.

குதிரைக் கதை.

எனக்குக் குதிரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் தபால் பிரிக்கிறவன்.

2

முதல் தொடக்கம்:

"நெடுந்தீவின் உப்புக்காற்றில் பிடரி பறக்க ஓடிய குதிரைகள் இராசமணியின் கனவுகளில் இன்னமும்..."

(இந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. வாசித்துக் காட்டியபோது இராசமணியக்கா கையைத் தூக்கிவிட்டார். "தம்பி, நான் புங்குடுதீவு. நெடுந்தீவுக்கு வாழ்க்கையிலை ஒருக்காத்தான் போனனான். வள்ளத்திலை போகேக்கை சத்தியெடுத்து, வரேக்கையும் சத்தி. குதிரையைக் காணவே இல்லை. உந்தப் பொய்யெல்லாம் எழுதாதையும்." நியாயம்தான். எங்கள் பக்கத்தில் குதிரை என்றதும் காட்டுக்குதிரைகள் நிற்கும் நெடுந்தீவுக்கு ஓடுவது எழுத்தாளருக்கு இருக்கும் ஒரு தொற்று வருத்தம்.)

இரண்டாவது தொடக்கம்:

"2004 தை மாதம், ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் இராசமணி வழுக்கி விழுந்தார்."

இது உண்மை. இடுப்பெலும்பு உடைந்தது. தகடு வைத்தார்கள். ஊன்றுகோல் கொடுத்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தார், ஒன்பது மாதம். ரொம்மனும் பக்கத்து ஸ்தோவ்னரும் திரண்டு வந்து பார்த்தன. வந்தவர்கள் எல்லாரும் அப்பிள் கொண்டுவந்தார்கள். ஊன்றுகோலைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் அந்தச் சத்தத்தைப் போட்டார்கள்.

எந்தச் சத்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிப் பட்டென்று இழுப்பது. ச்சு. ச்சு, ச்சு, பாவம். தமிழன் பரிதாபப்பட்டால் நாக்குத் தானாகவே அதைச் செய்துவிடும். மூளைக்கு அறிவிப்பதே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். இந்தக் கதை முழுக்க அந்தச் சத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

வைத்தியர் ஒரு கடிதம் கொடுத்தார். இடுப்புக்கும் முதுகுக்கும் குதிரையில் ஏறி இருப்பது நல்லதாம், அதற்கென்று பயிற்சி இருக்கிறதாம், சோர்க்கெடாலனில் ஒரு குதிரைப் பண்ணைக்கு வியாழக்கிழமைகளில் போகவேண்டுமாம். இராசமணியக்கா குதிரை ஓடப் போகிறார் என்ற செய்தி அன்று பின்னேரமே கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.*

* "குதிரை ஓட" என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்களோடு தபாலில் வேலை செய்யும் ஒரு நண்பர் பார்த்துவிட்டு, "அப்போ குதிரை என்ன பண்ணும்? ஓட்டறதா, ஓடறதா?" என்று கேட்டார். நாங்கள் கார் ஓடுவோம், சைக்கிள் ஓடுவோம், பஸ்ஸும் ஓடுவோம். குதிரையும் அப்படித்தான். ஆனால் அவர் கேட்டபிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கதையில் யார் யாரை ஓடினார்கள் என்பது எனக்கு இன்னமும் தெளிவில்லை.

3

குதிரையின் பெயர் தீரா. நான் வைக்கவில்லை. நோர்வேயில் பெண்களுக்கு வைக்கும் பழைய பெயர் அது. நாங்கள் சொல்லும்போது தமிழாகிவிட்டது. தீராத கதைக்குத் தீரா என்ற குதிரை. நானாக வைத்திருந்தால் மலிவான வேலை என்று நானே வெட்டியிருப்பேன்.

வயது இருபத்துமூன்று. குதிரைக்கு அது கிழட்டு வயது. மங்கல் மஞ்சள் நிறம், கட்டையான கால்கள், நெற்றியில் நரை. ஆனால் குணம் நரைக்கவில்லை. தாழ்ப்பாளை வாயால் திறக்கும். பிடிக்காதவர்களின் தொப்பியைக் கழற்றிச் சேற்றில் போடும். பண்ணைக்காரி குன்வோர் அறுபதைத் தாண்டிய மனுஷி, குறைவாகப் பேசுகிறவர். அவர் இராசமணியக்காவைப் பார்த்து, "இவள் வயதானவள். ஆனால் அதை இவளிடம் சொல்லிவிடாதே" என்று எச்சரித்தாராம்.

முதல் நாள், படிமேடையில் ஏறி, இரண்டு பேர் பிடித்து, இராசமணியக்காவைத் தீராவின் மேல் இருத்தினார்கள். மேலே இருந்து அவர் பார்த்தது குதிரையின் பின்கழுத்தும் நரைத்த காதுகளும்தான். மனது இளகிவிட்டது.

"ச்சு. கிழவி. உன்னையும் விடுறாங்களில்லையே."

தீரா நடந்தது.

ஐயோ என்று கத்தினார். குதிரைக்கு ஐயோ தெரியாது. பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, கழுத்தில் வார் உரசி மயிர் போன இடம் ஒன்று தெரிந்தது. "ச்சு ச்சு ச்சு." தீரா குதிக்கத் தொடங்கியது. பரிதாபம் கூடக்கூட வேகமும் கூடியது. குன்வோர் பக்கத்தில் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "நிற்கச் சொல்வதற்கு முதல் நடக்கச் சொல்ல உனக்கு யார் பழக்கியது?" என்று கேட்டாராம்.

அதுதான் விஷயம். நாங்கள் பாவம் பார்க்கும் சத்தம் நோர்வேக் குதிரைக்கு "நட" என்ற கட்டளை. நிற்கச் சொல்ல வேறொரு சத்தம் இருக்கிறது, உதட்டை அதிரவிட்டு, ப்த்ரூ. எங்கள் வீட்டுக் குளியலறையில் நானும் செய்து பார்த்தேன். கண்ணாடி நனைந்ததுதான் மிச்சம்.

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பயிற்சி பன்னிரண்டு வாரம்தான். இடுப்பு சரிவந்துவிட்டது. பிறகும் மூன்று வருடம், ஒவ்வொரு வியாழனும், ரி-பானா ரயில் எடுத்து, ஊருக்குள் இறங்கி மாறி, ரோவாவில் இறங்கி, பஸ் பிடித்து, ஒன்றரை மணித்தியாலம் இவர் ஏன் போனார்? வாசகர் நம்புவாரா? காரணம் ஒன்று வேண்டுமே என்று நான் இவருக்குப் பல துக்கங்களைச் செய்து பார்த்தேன். பிள்ளை இல்லாத துக்கம் (இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இருவரும் பேர்கனில் சுகமாக இருக்கிறார்கள்). புருஷன் சரியில்லாத துக்கம் (இரவீந்திரண்ணையைவிட நல்ல மனிதரை நான் கண்டதில்லை). கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"எல்லாரும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டினவை, தம்பி. உம்மட மனிசியும் கொட்டினவதான். அதைக் கேக்கக் கேக்க நான் ஒரு மூலையிலை இருத்தின சாமான் மாதிரி ஆகிட்டன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்பி நடந்தது அவ ஒருத்திதான்."

நான் செய்து வைத்திருந்த துக்கங்களை எல்லாம் கிழித்துப் போட்டேன்.

ஓம், குதிரையை "அவ" என்றுதான் சொல்வார். "அவவுக்கு இண்டைக்குக் குணம் சரியில்லை." "அவ தண்ணி தேங்கின இடத்தாலை போகமாட்டா, கெட்டித்தனம்." சட்டைப் பையில் பயற்றம் பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்து, குன்வோரிடம் ஏச்சு வாங்கி, அடுத்த கிழமை குன்வோருக்கும் சேர்த்துக் கொண்டுபோவார். ஒரு சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தில் இவருடைய கறுப்புக் கோட்டில் மஞ்சள் மயிர் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஒருவர், "என்ன, நாய் வளக்கிறியளோ?" என்று கேட்டார். "இல்லை, குதிரை" என்றார் இராசமணியக்கா. கேட்டவர் பகிடி என்று நினைத்து நெடுநேரம் சிரித்தார்.

2006 வசந்தத்தில் நடந்ததையும் எழுதவேண்டும். வயல் ஓரமாக இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். பனி உருகி, மண் வாசம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு ச்சுவும் இல்லை. இருபத்தைந்து வயதுத் தீராவுக்குத் திடீரென்று என்ன தோன்றியதோ, காதை முன்னே தள்ளிக்கொண்டு பாய்ந்து ஓடத் தொடங்கியது. இராசமணியக்காவுக்கு ப்த்ரூ மறந்துபோனது. வயல் முடியும் இடத்தில் வேலி. "நில்லடி!" என்று தமிழில் கத்தினார். தீரா நின்றது. இராசமணியக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், பிறகு திரும்பவும் சிரித்தார். "பயந்திட்டியளோ?" என்று கேட்டேன். "பயந்தனான்தான். ஆனா இன்னொருக்கா ஓடமாட்டாவோ எண்டும் கிடந்தது" என்றார்.

5

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன், அவர் சப்பாத்தோடு வாசலில் நின்ற நாளுக்கு.

தீராவின் பற்கள் தேய்ந்துவிட்டன. வைக்கோலை மென்று உருண்டையாக்கித் துப்புகிறது. போன குளிர்காலத்தில் விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருந்தது. இன்னொரு குளிர்காலம் தாங்காது, பட்டினியில் படுத்துவிடும் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். வியாழன் காலை வந்து ஊசி போடுவார். வேதனை இருக்காது. குன்வோர் இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஒன்று கேட்டிருக்கிறார். "தொழுவத்துக்குப் பின்னால் புல்வெளி வரைக்கும் தீரா நடந்து வரவேண்டும். மிருக வைத்தியரைக் கண்டால் அவள் காலை ஊன்றிவிடுவாள். இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. நீ வந்து பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைப் போட்டால் பயப்படாமல் நடப்பாள்."

"நான் போடமாட்டன்" என்றார் இராசமணியக்கா என்னிடம். "மூண்டு வருசம் என்ர ச்சுவைக் கேட்டு நடந்தவ. அதே ச்சுவைச் சொல்லி நான் அவவைச் சாகக் கூட்டிக்கொண்டு போறதோ? அப்பிடிச் செய்தால் பிறகு நான் இருக்கேலாது, தம்பி. போகாமலும் இருக்கேலாது. நீர் எழுதும், இதிலை மனிசர் என்ன செய்வினம் எண்டு."

நான் எழுதினேன். எழுத்தாளனிடம் கேட்டால் எழுதத்தானே செய்வான்.

6

முதல் முடிவு: இராசமணி போகவில்லை. வியாழக்கிழமை முழுக்க வீட்டில் இருந்து ஜன்னலால் பார்க்கிறார். (என் கதைகளில் பெண்கள் அடிக்கடி ஜன்னலால் பார்ப்பார்கள். தர்மினி வாசித்துவிட்டு, "உங்கட பொம்பிளையளுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேட்டாள். இராசமணியக்கா, "இது நான் இல்லை" என்று தாளைத் திருப்பித் தந்தார்.)

இரண்டாவது முடிவு: விடியற்காலையில் தீரா தாழ்ப்பாளை வாயால் திறந்து காட்டுக்குள் போய்விடுகிறது. பனியில் குளம்படிகள் மட்டும். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. (இராசமணியக்கா: "காட்டுக்கை போய் என்னத்தைச் சாப்பிடுவா? பல்லில்லை. நீர் அவவைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கிறீர்.")

மூன்றாவது முடிவு: இராசமணி போகிறார். கயிற்றைக் கையில் பிடிக்கிறார். பக்கத்தில் நிற்கிறார். ஒரு சத்தமும் போடவில்லை. தீராவாக நடக்கும் வரைக்கும் நிற்கிறார். நடக்காவிட்டால், நடக்காத வரைக்கும்...

இந்த வசனத்தையும் முடிக்கவில்லை. ஆனால் இராசமணியக்கா அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"இதைச் செய்யலாம். அவவா நடந்தா நடக்கட்டும். நீரும் வாரும். நோர்ஸ்க்கிலை, அவையின்ர பாஷையிலை, குன்வோருக்கு விளங்கப்படுத்த வேணும்."

7

போனேன். குறிப்பு எழுதக் கையில் கொப்பி கொண்டுபோனேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முற்றத்தில் பேர்ச் மரத்து இலைகள் மஞ்சளாகக் கிடந்தன. பச்சை மேலாடை போட்ட மிருக வைத்தியர் தள்ளி நின்றார், பையைக் காலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். தீரா தொழுவ வாசலில் நாலு காலையும் ஊன்றி நின்றது. சொன்னபடியே. நான் குதிரையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு பெரிது என்று நினைத்திருக்கவில்லை.

இராசமணியக்கா பயற்றம் பணியாரத்தைக் கையிலேயே மாவாக உதிர்த்துக் கொடுத்தார். நக்கித் தின்றது. பிறகு கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்றார்.

கால் மணித்தியாலம். குன்வோர் என்னிடம் வந்து மெல்லிய குரலில், "ஏன் சத்தம் போடுகிறாளில்லை?" என்று கேட்டார். "தீரா தானாக நடக்கவேண்டும் என்று காத்திருக்கிறார்" என்றேன். குன்வோர் மிருக வைத்தியரிடம் போய் எதையோ சொன்னார். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நல்ல பெடியன்.

அரை மணித்தியாலம். தீரா தலையைத் தாழ்த்தி நெற்றியை இராசமணியக்காவின் தோளில் வைத்தது. அவருடைய தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். இடுப்பு உடைந்தபோதுகூட நான் அவரை அப்படிப் பார்க்கவில்லை.

ச்சு.

நான்தான்.

என் காதால் கேட்டபிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. தீராவின் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிறகு நடந்தது. இராசமணியக்கா கயிற்றோடு கூடவே நடந்தார். தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு இருவரும் பின்னால் போனார்கள். நான் போகவில்லை. கொப்பியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றேன்.

8

ரோவா வரைக்கும் பஸ்ஸில் வந்தோம். ரி-பானாவில் ஏறி இருந்தபிறகுதான் என் கையைப் பிடித்தார்.

"பாத்தனீரே, தம்பி? நான் வாயே திறக்கேல்லை."

"ஓம், அக்கா."

"அவ தானா நடந்தா."

ரொம்மன் வருவதற்குள் மூன்று தடவை சொன்னார். அவ தானா நடந்தா. நான் மூன்று தடவையும் ஓம் என்றேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டதாக அடுத்த நாள் தர்மினிக்குச் சொல்லியிருக்கிறார். கோயிலிலும் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள், அவர் சிரித்திருக்கிறார்.

இருபது வருடமாகப் பொய்யை உண்மை மாதிரி எழுதிப் பழகியவன் நான். அந்த மூன்று ஓமும் எனக்குத் தொண்டையில் நிற்கின்றன. சொன்னால் அந்த மனுஷியின் நித்திரை போகும். சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய். கதைதானே, பொய்யாக இருந்தால் என்ன என்று தர்மினி கேட்கிறாள். ஆனால் தீரா என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குதிரை உயிரோடு கேட்ட கடைசிச் சொல் என்னுடையது. அதுவும் கட்டளை என்று நினைத்து நான் சொல்லவில்லை.

ஆகவே ஏழாம் பகுதியை இரண்டு தாளில் எழுதினேன். ஒன்றில், தோள் குலுங்கியபிறகு, தீரா தானாக நடக்கிறது. மற்றதை நீங்கள் வாசித்துவிட்டீர்கள். தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்ட பாதிப் பேரே, தயவுசெய்து இன்னும் ஒரு பகுதி பொறுங்கள்.

9

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இராசமணியக்கா வந்தார். இந்தமுறை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "முடிச்சிட்டீராம் எண்டு தர்மினி சொன்னா. வாசிச்சுக் காட்டும். எழுத்துச் சின்னன், எனக்குக் கண் தெரியாது."

வாசித்தேன். நெடுந்தீவுக்குச் சிரித்தார். நில்லடிக்கு "ஓம், அப்பிடித்தான்" என்றார். பணியாரத்தை உதிர்த்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "அவருடைய தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை" என்ற இடம் வரைக்கும் வந்தேன். அதற்கு அடுத்த தாள் இரண்டு. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று.

நின்றுவிட்டேன். நாலு காலையும் ஊன்றி என்று சொல்லலாம்.

குசினியில் கேத்தில் கொதித்து அணைந்தது. தர்மினி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இராசமணியக்கா கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தார், திரும்பவும் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி, மெல்ல, ஒரேயொரு தடவை:

"ச்சு."

எங்கள் அர்த்தத்தில் சொன்னாரா, தீராவின் அர்த்தத்தில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் நினைப்பதுதான் சரியாக இருக்கும்.

நான் ஒரு தாளைக் கீழே வைத்துவிட்டு, மற்றதை வாசிக்கத் தொடங்கினேன்.